பாட்டும் பாடும்

'பாடு' என்னும் சொல் தமிழில் இரு பொருள் தரும். வாய் திறந்து பாடுவதும் பாடுதான். உடல் நோக உழைப்பதும் பாடுதான். இவ்விரண்டும் ஒரே மனிதனிடத்தில் கூடுகின்றன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பாட்டைக் கேட்கிறோம், தலையசைக்கிறோம், கைதட்டுகிறோம். அப்பாட்டை ஆக்கியவன் எப்போது ஆக்கினான், எதை உண்டு ஆக்கினான், அது யாருக்கு உரியது என்று கேட்பதில்லை. எப்படிக் கேட்பது என்பதும் நமக்குத் தெரிவதில்லை.

நான் அறிவியல் மாணவன். இசை எனக்குத் தொழிலன்று. ஆயினும் சதுப்புக் காடுகளைப் பற்றிய களப்பணிக்காக அந்தமானில் உள்ள பாராடாங் தீவில் சில வாரம் தங்கியபோது, மாலை வேளைகளில் அங்குள்ள இளம் பாடகர் சிலரோடு பேசும் வாய்ப்புக் கிடைத்தது. அங்கே கற்றதையும், அதையொட்டிப் படித்ததையும் நம் மன்ற நண்பர்களுக்குப் பயன்படும் என்று கருதி எழுதுகிறேன்.

1. பழைய வழி ஒன்று

பாடுவோரின் வாழ்வைக் கேட்டறிவது தமிழர்க்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் பாதியளவு ஆற்றுப்படை நூல்கள். பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு கலைஞனைக் கண்டு, தான் பட்ட பாட்டையும் தனக்குக் கிடைத்த வாழ்வையும் எடுத்துரைத்து வழிகாட்டுவதே அவற்றின் அமைப்பு. இன்றைய சொல்லில் கூறினால், இருவர்க்கிடையே நிகழும் பேட்டி.

சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் காட்டும் அடுக்களையை நினைத்துப் பாருங்கள். குட்டி ஈன்ற நாய் அங்கே கிடந்து குரைக்கிறது. குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள் கிணைமகள். பிறர் கண்டால் நாணம் என்று கதவை அடைத்துச் சுற்றத்தோடு உண்கிறாள். யாழின் அழகைச் சொல்ல வந்த புலவர் அடுக்களையையும் சொன்னார். கலையையும் வயிற்றையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. முதற்பாடம் இதுவே.

2. அயர்லாந்தில் ஒரு மிதிவண்டி

வேறொரு தீவுக்குச் செல்வோம். ஆங்கில ஆட்சியாலும் பஞ்சத்தாலும் தாய்மொழி தேய்ந்துபோன அயர்லாந்து, விடுதலை பெற்றபின் 1935இல் நாட்டார் வழக்காற்று ஆணையம் ஒன்றை நிறுவியது. 1942இல் அவ்வாணையம் சேமஸ் என்னிஸ் என்னும் இளைஞரைப் பாடல் தொகுக்க அமர்த்தியது. அவருக்குக் கொடுத்தவை எழுதுகோல், தாள், மிதிவண்டி, வாரத்துக்கு மூன்று பவுன் ஊதியம். 1947 வரை அவர் மேற்குக் கரையின் சிற்றூர்களில் அலைந்தார். கொல்ம் ஓ கீதான் என்னும் ஒருவரிடமிருந்து மட்டும் இருநூறுக்கு மேற்பட்ட பாடல்களையும் வழக்காறுகளையும் எழுதிக்கொண்டார்.

ஒரே மனிதர் இத்தனையும் கொடுக்கக் காரணம் என்ன? என்னிஸ் தாமே குழலிசைக் கலைஞர். வீட்டுக்குள் சென்றதும் தாளை விரிக்கமாட்டார். தாம் வாசிப்பார், தாமும் பாடுவார். பிறகுதான் கேட்பார். கொடுத்துப் பெறுவது அவர் முறை.

இன்றும் அந்நாடு இக்கேள்வியை விடவில்லை. கலைஞர்களின் பிழைப்பைக் கருதி, 2022இல் ஒரு சோதனைத் திட்டம் தொடங்கியது. இசைவாணர் உள்ளிட்ட 2,000 கலைஞர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்து வாரம் 325 யூரோ வழங்கியது. கலையைப் போற்றுவோம் என்று மேடையில் முழங்குவது எளிது. கலைஞன் வாடகைக்கு என்ன செய்கிறான் என்று கேட்டால்தான் இத்தகைய திட்டம் பிறக்கும்.

3. பாராடாங்கில் கேட்டது

பாராடாங், தெற்கு அந்தமானுக்கும் நடு அந்தமானுக்கும் இடையில் ஏறத்தாழ 240 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு. நீலாம்பூர் துறையிலிருந்து படகேறிச் சதுப்புக் காட்டின் ஓடை வழியே சுண்ணாம்புக் குகைக்குச் செல்லும் சுற்றுலாப் பயணிகளே அதை மிகுதியும் அறிவர். ஆனால் அத்தீவின் ஊர்களில் வாழ்பவருள் பலர் 'ராஞ்சி' என்று அழைக்கப்படும் மக்கள். ஊராவோன், முண்டா, கரியா ஆகிய பழங்குடியினரான இவர்களின் முன்னோரைக் காடு வெட்டும் பணிக்காகச் சோட்டா நாகபுரியிலிருந்து 1918 முதல் அழைத்து வந்தனர். அந்தமானின் சாலைகளும் துறைகளும் மரத்தொழிலும் இவர்கள் தோள்வலிமையில் எழுந்தவை. தாயகத்தில் பட்டியல் பழங்குடியினராக இருக்கும் இவர்கள் அந்தமானில் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. 

ஊராவோன் மக்களின் குருக் மொழி திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது. கண்ணுக்கும் பல்லுக்கும் அவர்கள் வழங்கும் சொற்கள் நம் சொற்களை ஒட்டியே ஒலிக்கின்றன. குடிபெயர்ந்த குடும்பத்தில் பிறந்த எனக்கு, கடல் கடந்த ஊரில் இவ்வுறவைக் கேட்டது தனி மகிழ்ச்சி. ஆயினும் இன்று பாட்டுக்குப் பெரிதும் வழங்குவது சாத்ரி. நாங்கள் பேசிக்கொண்டது தீவுப் பொதுமொழியான இந்தியில்.

என்னோடு பேசிய மூவரைப் பற்றிச் சுருக்கமாகக் கூறுகிறேன். அவர்கள் விருப்பப்படி பெயர் குறிப்பிடவில்லை.

முதலாமவர் இருபது வயதுப் படகோட்டி. பகலில் பயணிகளைக் குகைக்கு ஏற்றிச் செல்வார். இரவில் பாட்டுக் கட்டுவார். "இசை எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டிருந்தால் சிரித்திருப்பார். "இந்தப் பாட்டைக் கட்டிய அன்று என்ன வேலை செய்தீர்கள்?" என்று கேட்டேன். உடனே பேச்சு ஊறியது. "அன்று ஏழு சவாரி. ஓடையில் திரும்பும்போது படகின் பொறி 'தட தட' என்று ஒரு தாளம் போடும். அதன்மேல் சொல்லை வைத்தேன். கரைக்கு வந்ததும் மறக்காமலிருக்கக் கைப்பேசியில் முணுமுணுத்து வைத்தேன்." மெட்டு, ஊர் ஆடுகளமாகிய அக்ராவில் பாட்டி பாடிய பழைய மெட்டு. சொல் அவருடையது. பொறியின் தாளம் ஓடையினுடையது. இம்மூன்றையும் பிரித்துச் சொல்ல அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்கேற்ற கேள்விதான் தேவைப்பட்டது.

இரண்டாமவர் மாந்தர் என்னும் முழவை வாசிப்பவர். கடற்காற்றின் ஈரத்தில் தோல் தளர்ந்துவிடும் என்றும், ஆட்டத்துக்கு முன் தீயருகே வைத்துச் சூடேற்ற வேண்டும் என்றும், மழைக்காலத்தில் அதுவும் பயன்படாது என்றும் விளக்கினார். ஞாயிறுதோறும் கோயில் பாடலுக்கும் வாசிக்கிறார். கரம் விழாவுக்கும் வாசிக்கிறார். "இரண்டில் எது உங்கள் இசை?" என்று கேட்க என் நா துடித்தது, கேட்கவில்லை. "இரண்டுக்கும் கை ஒரே மாதிரிதான் ஓடுமா?" என்று கேட்டேன். எழுந்து இரண்டையும் வாசித்துக் காட்டினார். விடை விரலில் இருந்தது.

மூன்றாமவர் கல்லூரிக்குச் செல்லும் பெண். அவர் கூறியது என்னைச் சிந்திக்க வைத்தது: "அண்ணா, விழா வந்தால் எங்களை ஆட அழைக்கிறார்கள். வெள்ளைச் சேலை சிவப்புக் கரை உடுத்தி வரச் சொல்கிறார்கள். ஆடி முடித்ததும் சோற்றுப் பொட்டலம் தருகிறார்கள். பாட்டை யார் கட்டியது என்று ஒலிபெருக்கியில் யாரும் சொன்னதில்லை. 'ராஞ்சி நடனம்' என்று மட்டும் சொல்வார்கள்." 

தாயகத்திலோ நிலைமை சிறிது மாறியிருக்கிறது. ராஞ்சிப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ராம் தயாள் முண்டா (1939–2011), புலமையையும் ஆட்டத்தையும் ஒருங்கே போற்றியவர். ஆடுவோரே பிழைப்பர் என்பது அவர் கொள்கை. நாக்புரிப் பாடகர் முகுந்த் நாயக் 2017இல் பத்மஸ்ரீ பெற்றார். பாடுவோர்க்குப் பெயர் உண்டு என்பதை அங்கே நிலைநாட்டினர். தீவில் அது இன்னும் நிகழவில்லை.

4. இதே மண்ணின் முதற்பாடகர்

இம்மக்கள் வருமுன் பாராடாங்கிலும் அதைச் சுற்றியும் வாழ்ந்தவர்கள் பெரிய அந்தமானியரின் பிரிவினரான புச்சிக்வார் மக்கள். 1906 முதல் 1908 வரை அந்தமானில் தங்கி ஆராய்ந்த ராட்கிளிஃப்-பிரவுன், 1922இல் வெளியிட்ட நூலில் வியப்பான செய்தி ஒன்றைக் கூறுகிறார். அம்மக்களிடையே ஆண் ஒவ்வொருவனும் பாட்டாளன். ஓடம் குடையும்போதும் துடுப்பு வலிக்கும்போதும் தனக்குள் மெல்லப் பாடிப் பாட்டைச் செப்பம் செய்வான். ஆட்ட நாளுக்கு முன் பெண்கள் ஓரிருவர்க்குப் பல்லவியைக் கற்பிப்பான். அன்று, காலால் உதைத்து ஒலியெழுப்பும் மரப்பலகையின் தாளத்தோடு அரங்கேற்றுவான். கூட்டம் ஏற்றால் பாட்டு நிலைக்கும், ஏற்காவிட்டால் கைவிடுவான். ஒருவன் கட்டிய பாட்டை மற்றொருவன் தனதாகப் பாடமாட்டான்.

பதிப்புரிமைச் சட்டமோ பதிவு நிறுவனமோ அங்கே இல்லை. ஆனால் பாட்டு யாருடையது என்பதில் ஐயமும் இல்லை! நம்மையோ பாருங்கள். 2021இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய 'எஞ்சாயி எஞ்சாமி' பாடலின் ஆக்கத்தில் யார் பங்கு எவ்வளவு என்பது பற்றி 2022இல் பொதுவெளியில் கருத்து வேறுபாடு எழுந்தது. தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டியின் நினைவிலிருந்து அறிவு பாடிய பாட்டு அது. எல்லா வசதியும் படைத்த நமக்கு அவ்வளவு தெளிவு இல்லை.

அப்பெருங்கூட்டம் என்னவாயிற்று? 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பெரிய அந்தமானியர் 625 பேர். 1931இல் 90 பேர். 1961இல் 19 பேர். குடியேற்றத்தோடு வந்த நோய்களே பெருங்காரணம். 'போ' மொழியின் கடைசிப் பேச்சாளரான மூத்த போவா என்னும் அம்மையார் 2010 ஜனவரி 26 அன்று மறைந்தார். மொழியியலறிஞர் அன்விதா அப்பி அவருடைய பேச்சையும் பாட்டையும் முன்னரே பதிவு செய்திருந்தார். இன்று நாம் கேட்க முடிவது அப்பதிவுகளைத்தான். கேட்க ஒருவர் சென்றதால் அவ்வளவாவது எஞ்சியது.

5. கேட்கும் முறை

ஆய்வுக்கூடத்தில் கைபட்டால் மாதிரி கெடும். பேட்டியில் கேள்விபட்டால் விடை கெடும். ஆகவே சில விதிகள்:

முதலாவது, கேட்குமுன் கேள். பாட்டை இருமுறையாவது முழுதும் கேட்காமல் பாடகரிடம் வாய் திறத்தல் கூடாது.

இரண்டாவது, 'ஏன்' என்பதற்கு முன் 'எப்போது, எங்கே, எப்படி' என்று கேள். "ஏன் பாடுகிறீர்கள்?" என்றால் எவரும் மேடைப்பேச்சுத்தான் பேசுவர். "இந்த அடி முதலில் வேறு மாதிரி இருந்ததா?" என்றால் உண்மை வரும்.

மூன்றாவது, விடையைக் கேள்விக்குள் வைக்காதே. "உங்கள் மரபு அழிகிறது என்று வருந்துகிறீர்கள் அல்லவா?" என்று கேட்டால், நம் வருத்தத்தையே அவர் வாயால் திரும்பப் பெறுவோம்.

நான்காவது, பிழைப்பைக் கேள். கூச்சமின்றி, ஆனால் மதிப்போடு. அடுக்களையைப் பாடிய நத்தத்தனாரை நினைவில் கொள்.

ஐந்தாவது, பெயரைக் கேள். பெயர் வேண்டும் என்றால் பிழையின்றி எழுது. வேண்டாம் என்றால் எழுதாதே. எழுதியதை அவர்க்குப் படித்துக் காட்டு. பதிவு செய்ததன் படியைக் கொடு.

6. கேட்கக் கூடாத இடம்

ஆறாவது விதி தனியே கூறத்தக்கது. பாராடாங்குக்குச் செல்லும் சாலை ஜிர்காடாங் முதல் நடு நீரிணை வரை ஜாரவா மக்களின் காப்புக் காட்டினூடே செல்கிறது. 1956ஆம் ஆண்டு ஒழுங்குமுறை அவர்களைப் பாதுகாக்கிறது. வண்டிகள் காவலோடு அணியாகச் செல்லும். நிறுத்தவோ படம் எடுக்கவோ கூடாது. இருந்தும், உணவுக்காக அப்பெண்களை ஆடச் சொல்லும் படம் ஒன்று 2012 ஜனவரியில் வெளியாகி உலகையே நாணச் செய்தது.

அங்கே நிகழ்ந்ததும் 'கேட்டல்'தான். ஆடு, பாடு என்று கேட்டார்கள். ஆனால் கேட்கப்பட்டவர்க்கு மறுக்கும் உரிமை இல்லை. மறுக்கும் உரிமை இல்லாத இடத்தில் பேட்டி இல்லை, பறிப்பே உண்டு. அவர்கள் பாட்டை அறிய ஆவல் எனக்கும் உண்டு. அந்த ஆவலை அடக்குவதும் ஆராய்ச்சியின் ஒழுக்கமே. மறுக்கும் உரிமையில் நூறில் ஒரு பங்கு குறைந்தாலும், நம் விழாக்களில் பொட்டலம் கொடுத்து ஆடவைக்கும் வழக்கமும் அதே வகையைச் சேர்ந்ததாகிவிடும்.

7. நாம் செய்யத்தக்கது

நண்பர்களே! நம் மன்றத்தின் பொங்கல் விழாவில் பறை முழங்குகிறது, கும்மி நடக்கிறது, கானாப் பாடுகிறோம். சென்னையில் தோன்றிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' போன்ற குழுக்கள், மேடை கிடைத்தால் ஒதுக்கப்பட்ட இசையும் தன் பெயரோடு நிற்கும் என்று காட்டிவிட்டன. நம் மேடை அதைக் கற்றதா?

பெரும்பணி வேண்டா. அடுத்த விழாவுக்கு வரும் கலைஞர் ஒவ்வொருவரிடமும் நம்மில் ஒருவர் அரைமணி நேரம் அமர்ந்து பேசட்டும். அவர் பெயர், அவர் ஆசான் பெயர், பாட்டைக் கட்டியவர் பெயர் ஆகிய மூன்றையும் ஒலிபெருக்கியில் சொல்வோம். சோற்றுப் பொட்டலத்தோடு உரிய ஊதியத்தையும் உறையிலிட்டுக் கொடுப்போம். எழுதியதை இவ்விதழில் வெளியிடுவோம்.

அறிவியல் மாணவர் எண்ணி அளப்பர். இலக்கிய மாணவர் நயம் காண்பர். இரு சாராரும் கூடிச் செய்யத்தக்க பணி இது. பாட்டைக் கேட்கும் செவி நமக்கு உண்டு. பாட்டைக் கேட்ட பின் பாட்டைக் கேட்கும் வாயும் நமக்கு வேண்டும். பாட்டுக்குப் பின்னே உள்ள பாட்டை அறிவோமாயின், பாட்டு இன்னும் இனிக்கும். பாடுவோர்க்கும் வாழ்வு சிறிது இனிக்கும்.