பாலை நிறுத்தினால் கல் வராதா?

பள்ளி திறந்த ஜூன் மாதம். தென்காசியில் சாரல் பிடித்துவிட்டது. அருவியில் தண்ணீர் விழுகிறது என்று குற்றாலத்துப் பிள்ளைகள் வகுப்பில் சேதி சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர் ஓய்வறையில் சக ஆசிரியை ஒருவர் மட்டும் டீ வேண்டாம் என்றார். "பாலை நிறுத்தியாச்சு டீச்சர். மே மாசம் விலாவுல தாங்க முடியாத வலி. ஸ்கேன்ல கல்லுனு வந்துட்டு. கால்சியம் கல்லாம். பால், மோர், கேப்பைக்கூழ் எல்லாத்தையும் விட்டுட்டேன்."

அவர் கைப்பையில் கால்சியம் மாத்திரை அட்டை ஒன்று இருந்தது. மூட்டு வலிக்காக மருந்துக்கடையில் அவரே கேட்டு வாங்கியது. இரவு படுக்கப்போகும்போது ஒன்று போடுவாராம். அதை நிறுத்தவில்லை. "அது சத்து மாத்திரைதானே டீச்சர்?"

உணவில் இருந்த கால்சியத்தை விட்டுவிட்டு, மாத்திரையைப் பிடித்துக்கொண்டார். ஆய்வுகள் சொல்வது இதற்கு நேர் எதிரானது.

சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை. பெயரில் கால்சியம் முதலில் வருவதால் பழி முழுவதும் அதன் மேல் விழுகிறது. ஆக்சலேட்டை யாரும் கவனிப்பதில்லை. பசலை வகைக் கீரை, கொட்டைப் பருப்புகள், தேயிலை ஆகியவற்றில் அது உண்டு. சாப்பாட்டோடு கால்சியமும் குடலுக்குள் போனால் இரண்டும் அங்கேயே சேர்ந்து, கரையாத பொருளாகி, மலத்தோடு வெளியேறும். கால்சியம் குறைந்தால் ஆக்சலேட் தனியாக உறிஞ்சப்பட்டு, இரத்தம் வழியாகச் சிறுநீருக்கு வந்து, அங்கே கால்சியத்தைச் சந்திக்கிறது.

இதை ஆய்வகத்தில் காட்டலாம். அரை லிட்டர் வாலைவடிநீரில் ஒரு சிட்டிகை ஆக்சாலிக் அமிலம் கரைத்துக்கொள்ளுங்கள். அது நச்சு; ஆசிரியர் மட்டுமே கையாள வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்தால் சுண்ணாம்பு நீர் தயார். இரண்டு முகவைகளிலும் சிறிதளவு அமிலக் கரைசல். முதல் முகவையில் அதைப்போல் இரண்டு மடங்கு சுண்ணாம்பு நீர் சேர்க்க, வெண்மையாகக் கலங்கும். இரண்டாவதில் அதே அளவு வாலைவடிநீர். பத்து நிமிடம் கழித்து இரண்டையும் வடிகட்டி, வடிநீர் இரண்டிலும் சிறிது சுண்ணாம்பு நீர் விடுங்கள். முதலாவது ஏறக்குறைய தெளிவாகவே இருக்கும், இரண்டாவது கலங்கும். முகவைதான் குடல், வடிநீர்தான் சிறுநீர். இரண்டிலும் உருவாவது ஒரே வீழ்படிவு. எந்த இடத்தில் உருவாகிறது என்பதில்தான் வேறுபாடு. வீழ்படிவு மிக நுண்மையானது, வடிதாளை இரண்டாக வையுங்கள். முதல் தடவை நான் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் செய்து, இரண்டு முகவையும் கலங்கி, பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். நம் தண்ணீரின் கடினத்தன்மைக்கு அதுவே பாடமாயிற்று.

மனிதர்களிடம் என்ன நடந்தது? அமெரிக்காவில் 91,000-க்கும் மேற்பட்ட செவிலியர்களைத் தொடர்ந்த ஆய்வு 1997-ல் வெளியானது. உணவில் மிக அதிகக் கால்சியம் எடுத்தவர்களுக்கு, மிகக் குறைவாக எடுத்தவர்களைவிடக் கல் வரும் வாய்ப்பு சுமார் 35 விழுக்காடு குறைவு. கால்சியம் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கோ 20 விழுக்காடு அதிகம். மாத்திரையை உணவோடு சேர்க்காமல் விழுங்கியது காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். இத்தாலியில் கல் மீண்டும் மீண்டும் வந்த 120 ஆண்களை இரு பிரிவாக்கி ஐந்து ஆண்டுகள் கவனித்தார்கள் (2002). கால்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்கு மறுபடியும் கல். கால்சியத்தை வழக்கம்போல் உண்டு, உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்குத்தான்.

மாத்திரையைக் கண்டு மிரளவும் வேண்டாம். மாதவிடாய் நின்ற 36,282 பெண்களிடம் ஏழு ஆண்டுகள் நடந்த ஆய்வில் (2006), வைட்டமின் டி-யோடு கால்சியம் மாத்திரை எடுத்தவர்களில் 449 பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 381 பேருக்கும் கல் வந்தது. '17 விழுக்காடு கூடுதல்' என்றால் பெரிதாகத் தெரியும். ஆயிரம் பேருக்கு 21 என்பது 25 ஆனது, அவ்வளவே. விழுக்காடு நடத்தும் கணக்கு ஆசிரியர்களுக்கு நல்ல எடுத்துக்காட்டு.

அட்டையில் உள்ள எண்ணையும் படிக்கப் பழக்கலாம். 1250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்றால் அத்தனையும் கால்சியம் அல்ல. மூலக்கூறு நிறை 100, அதில் கால்சியம் 40. ஆக 500 மில்லிகிராம். வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200 மில்லிகிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350, ஒரு தம்ளர் பாலில் 240 அளவில் கிடைக்கிறது. மீதிக்கு மாத்திரை தேவையா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

நம் பக்கத்தில் கல்லுக்கு முதல் காரணமாக நான் நினைப்பது பாலை அல்ல, குடிக்காத தண்ணீரை. சங்கரன்கோவில், ஆலங்குளம் பக்கம் கோடை வெயில் கடுமை. காலை முதல் மாலை வரை மடியில் தட்டோடு பீடி சுற்றும் தாய்மார்கள் எழுந்தால் வேலை கெடும் என்று தண்ணீரைத் தள்ளிப்போடுகிறார்கள். கழிவறைக்குப் போகத் தயங்கும் மாணவிகளும் அப்படித்தான். அடுத்தடுத்த பாடவேளையில் நாமும் அப்படித்தான். ஒரு நாளில் இரண்டு லிட்டருக்குக் குறையாமல் சிறுநீர் போகுமளவு குடிக்க வேண்டும் என்பது கல் வந்தவர்களுக்கான பொதுவான அறிவுரை. புளியங்குடிச் சந்தையில் மூட்டை மூட்டையாக வரும் எலுமிச்சையிலும் பயன் உண்டு. அதிலுள்ள சிட்ரேட், சிறுநீரில் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு ஆக்சலேட்டோடு சேரவிடாமல் தடுக்கிறது. சாற்றில் உப்பை அள்ளிப் போடாதீர்கள்; உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும்.

கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் கால்சியம் மாத்திரையை இந்தக் கட்டுரையைக் காட்டி யாரும் நிறுத்திவிடக் கூடாது. அது இரத்த அழுத்தச் சிக்கலைத் தடுக்கத் தரப்படுவது. உணவுக்குப் பின் எடுக்கச் சொல்வார்கள். இரும்புச்சத்து மாத்திரையோடு ஒரே நேரத்தில் கூடாது, கால்சியம் இரும்பை உறிஞ்சவிடாது. வாரம் ஒருமுறை வகுப்பில் நாம் கொடுக்கும் நீல மாத்திரைக்கும் இதே கதைதான், பாலோடு விழுங்கவிடாதீர்கள்.

எங்கள் ஆசிரியை தன் மருத்துவரிடம் மாத்திரை அட்டையை எடுத்துப்போய்க் காட்டினார். இப்போது இரவு மாத்திரை இல்லை. மதியச் சாப்பாட்டுத் தூக்கில் மோர் திரும்ப வந்துவிட்டது.