பெட்டியைக் கட்டுமுன் பிரித்துப் பாருங்கள்

தீபாவளிக்கு ஊர் வந்தவர்கள் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் திரும்பும் பருவம் இது. சங்கராபுரம், சின்னசேலம், கல்வராயன்மலை அடிவாரம் என எங்கும் வீட்டு நடையில் பெட்டிகள் விரிந்து கிடக்கின்றன. திருச்சி விமான நிலையத்தில் வரிசையை நிறுத்தி வைத்துக்கொண்டு பெட்டியைக் கலைப்பதைவிட, வீட்டிலேயே ஒருமுறை கலைத்துப் பார்ப்பது மேல்.

முதலில் பட்டாசு. மிஞ்சிய கம்பி மத்தாப்பு, பிள்ளைகளின் பொட்டு வெடி எதுவும் கைப்பையிலும் கூடாது, செக்-இன் பெட்டியிலும் கூடாது. 2021 அக்டோபரில் சங்கராபுரத்தில் பட்டாசுக் கடை தீப்பற்றிப் பல உயிர்கள் போனதைப் பார்த்த மாவட்டத்துக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. ரயிலில் சென்னை போய் விமானம் ஏறுகிறவர்களும் கவனிக்க வேண்டும்: 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164-ஆவது பிரிவின்படி, ரயிலில் பட்டாசு கொண்டுபோனால் மூன்றாண்டு வரை சிறை உண்டு.

கொப்பரைத் தேங்காய்தான் பலரையும் திகைக்க வைக்கிறது. சமையலறைப் பொருளுக்கு என்ன தடை என்று கேட்கிறார்கள். கொப்பரையில் எண்ணெய் அதிகம். அது காற்றோடு வினைபுரிந்து தானாகவே சூடேறும், நெருக்கி அடைத்தால் பற்றியும் கொள்ளும். அதனால் உலக விமானப் போக்குவரத்து விதிகள் அதைத் தானே தீப்பிடிக்கும் பொருள்களின் வகுப்பில் வைத்திருக்கின்றன. கற்பூரமும் தீப்பற்றும் திடப்பொருள்தான். சபரிமலை இருமுடித் தேங்காய்க்கு மட்டும் சில ஆண்டுகளாகப் பருவகாலச் சலுகை தரப்படுகிறது. இந்த ஆண்டு உண்டா என்று கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.

பவர் பேங்க் விஷயம் நேர்மாறு. அது செக்-இன் பெட்டியில் போகவே கூடாது, கைப்பையில்தான் வர வேண்டும். 2010 செப்டம்பரில் துபாயில் யுபிஎஸ் சரக்கு விமானம் ஒன்று, லித்தியம் பேட்டரிகள் இருந்த சரக்கில் தீப்பிடித்து விழுந்தது. இரு விமானிகளும் இறந்தனர். சரக்கறையில் பிடித்த தீயை எட்டி அணைக்க ஆளில்லை. பயணிகள் பகுதியில் என்றால் ஊழியர்கள் உடனே ஓடி வருவார்கள். 2025 தீபாவளிக்கு முந்தின நாள், டெல்லியில் ஓடுபாதை நோக்கி நகர்ந்துகொண்டிருந்த இண்டிகோ விமானத்தில் ஒரு பயணியின் பவர் பேங்க் தீப்பிடித்தபோது அப்படித்தான் அணைத்தார்கள்.

100 வாட்-மணி வரை தடையில்லை. கடைகளில் கிடைக்கும் 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஏறத்தாழ 74 வாட்-மணி. 100-க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அதற்கும் மேல் அனுமதியே இல்லை. அளவு அச்சிடாத மலிவுச் சரக்கை எடுத்துப் போகாதீர்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் எமிரேட்ஸும் பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்தவே தடை விதித்துவிட்டன.

மலைத் தேன் ஆபத்துப் பொருள் அல்ல. ஆனாலும் அது திரவம் என்பதால், வெளிநாட்டு விமானத்தில் 100 மில்லிக்கு மேல் கைப்பையில் விட மாட்டார்கள். மூடியை டேப் ஒட்டி, பாலித்தீன் பையில் சுற்றிச் செக்-இன் பெட்டிக்குள் வையுங்கள். சாமை, தினை, கடுக்காயால் விமானத்துக்கு ஆபத்தில்லை. போய் இறங்கும் நாட்டின் சுங்க விதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் பார்த்தபின் கடைசி நேரத்தில் ஒரு பொட்டலம் வரும். “அங்க நம்ம தம்பிகிட்ட குடுத்துடுப்பா” என்று பக்கத்து வீட்டு அத்தை நீட்டுவார். மறுக்கச் சங்கடம்தான். என்றாலும் ஸ்கேனரில் சிக்கினால் பதில் சொல்ல வேண்டியவர் பெட்டிக்காரர். அத்தை எதிரிலேயே பிரித்துப் பார்த்து, பிறகு கட்டுங்கள்.