நெளிவுப் பருத்தியும் மலைநாட்டு ஈரமும்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் புடவைக்கடை நடத்தும் சகோதரர்களுக்கு இந்த முறைப்பாடு புதிதல்ல. தீபாவளி முற்பணத்தில் வாங்கிப் போன பருத்திச் சட்டை, இரண்டு கழுவலில் நெளிவெல்லாம் தட்டையாகி, ஓரளவு குறுகி, முதுகில் கரும்புள்ளியோடு திரும்பி வரும். "கழுவத் தெரியவில்லை" என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் எப்படிக் கழுவ வேண்டும் என்று நாம் சொல்லிக் கொடுத்தோமா?

புறக்கோட்டையில் நாம் எடுக்கும் ஆடைத் தொழிற்சாலை மிகுதிச் சரக்கில் பெரும்பாலும் லேபல் வெட்டப்பட்டிருக்கும். கழுவும் விபரம் அதோடு போய்விடுகிறது. ஆகவே கடைக்காரரின் வாய்தான் லேபல். நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா எனக் கேட்ட சம்பவம் நாம் அறிந்ததே. சுருங்கும் துணியைச் சுருங்கும் என்று சொல்லி விற்பதும் அதில் அடங்கும் என்பது என் எண்ணம்.

முதலில் சரக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். நெளிவுத் துணி எல்லாம் ஒன்றல்ல. சீர்சக்கர் என்ற துணியில் பாவு நூலில் ஒரு வரியை இறுக்கமாகவும் அடுத்த வரியைத் தளர்வாகவும் விட்டு நெய்கிறார்கள். (பாலும் சர்க்கரையும் என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்த பெயர்.) அந்த நெளிவு நெசவிலேயே இருப்பதால் கழுவினாலும் போகாது. அதைப் போலவே தோன்றும் இன்னொரு வகையில் காஸ்டிக் சோடா பூசி நெளிவு உண்டாக்குவார்கள். முறுக்கிப் பிழிந்த மாதிரி வரும் கிரிங்கிள் துணியிலும் நெளிவு நெய்த பிறகு ஏற்றப்படுவதே அதிகம். இவற்றைச் சூடாக அயன் பண்ணினால் நெளிவு படிந்துவிடும். ஒரு மூலையை நனைத்து, இழுத்துப் பிடித்து அயன் பண்ணி, மறுபடி நனைத்துப் பாருங்கள். நெளிவு தானாக எழும்பினால் அது நெசவு நெளிவு. ஒரு பேலுக்கு ஒரு துண்டில் இந்தச் சோதனை போதும்.

சாயத்துக்கு ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்க்கலாம். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று சொல்லி விற்காதீர்கள். நிற்காத சாயம் உப்புக்கு நிற்காது. மருதமுனைக் கைத்தறிச் சாரமானாலும் முதல் கழுவலைத் தனியாக, பச்சைத் தண்ணீரில் போடச் சொல்வதே பாதுகாப்பு. சுருக்கம் வேறு கணக்கு. நூற்றுக்கு 5 வீதம் சுருங்கினாலே 40 அங்குலச் சுற்றளவில் 2 அங்குலம் போய்விடும். பிள்ளைகளின் உடுப்புக்கு ஒரு அளவு பெரிதாகக் கொடுங்கள்.

மலைநாட்டில் உண்மையான பிரச்சினை காயப் போடுவதுதான். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. வேலைக்குப் போகிறவர்கள் மாலையில்தான் துவைக்கிறார்கள், அந்நேரம் மிஸ்ட் இறங்கிவிடும். தடித்த துவாய் நாட்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். லயன் காம்பராவில் அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் காயும், ஆனால் புகைவாடை பிடித்துக்கொள்ளும். நெளிவுத் துணியை முறுக்கிப் பிழியாமல், காய்ந்த துவாயில் சுருட்டி அழுத்தி, உட்புறம் வெளியே தெரிய, ஒன்றோடொன்று ஒட்டாமல் போடச் சொல்லுங்கள். வெயிலைவிடக் காற்றுதான் முக்கியம். உயரத்தில் வெயில் கடுமை, சாயம் சீக்கிரம் வெளுக்கும்.

கஞ்சி போடுவதை மழைக்காலத்தில் தவிர்ப்பது நல்லது. பூஞ்சணத்துக்குக் கஞ்சி சாப்பாடு.

அயன் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சீர்சக்கருக்குத் தேவையே இல்லை. துவாய்க்கும் அப்படியே. கோர்டுரோயை உட்புறம் திருப்பி, கீழே துவாய் விரித்து அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் வரிகள் நசுங்கும். லேபல் இருந்தால் அயன் படத்தில் ஒரு புள்ளி 110 பாகை, இரண்டு 150, மூன்று 200. அயன் பண்ணிய கையோடு மடித்து அலுமாரிக்குள் வைக்காமல், ஈரச்சூடு ஆறும்வரை தொங்கவிட வேண்டும்.

நம் கடை ராக்கைகளுக்கும் இதுவே. பேலைச் சுவரோடு ஒட்டி அடுக்காமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். சீமெந்துத் தரைக்கும் சரக்குக்கும் இடையில் பலகை போடுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒரு தடவை அடியில் இருப்பதை மேலே மாற்றிப் போடுங்கள். மணந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.