எந்த ஆற்றில் ஏறுவது?

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் சீனாவின் யாங்சே ஆற்றில் கப்பலில் போய்விட்டு வந்தார். முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு அங்கோர் வாட்டைப் பற்றிப் பாடம் நடத்தியவர். கண் தெளிவாக இருக்கும்போதே அதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. வெளிநாட்டில் இருக்கும் மகன் வேறு முடிவெடுத்தார். “அப்பா, ஃபைவ் ஸ்டார் கப்பல். உள்ளேயே லிஃப்ட் இருக்கு. நீங்க கால் வலிக்க நடக்கவே வேணாம்.” திரும்பி வந்தவர் கைப்பேசியில் காட்டிய படங்களில் பாதி அணைக்கட்டு, மீதி சாப்பாட்டு மேசை.

இது அவர் ஒருவரின் கதை அல்ல. கல்லூரி முடித்த இளைஞர்கள் ரீல்ஸில் எந்த ஆறு அதிகம் வருகிறதோ அதற்கு டிக்கெட் எடுக்கிறார்கள். பெற்றோருக்குப் பிள்ளைகள் டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறார்கள். இருவருமே பார்ப்பது கப்பலை. ஆற்றை யாரும் பார்ப்பதில்லை. மேக்கொங், யாங்சே, ஐராவதி, கங்கை, பிரம்மபுத்திரா என்ற பெயர்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். எது யாருக்குச் சரி என்பதில்தான் தவறு நடக்கிறது.

மேக்கொங்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதல்முறை போகிறவருக்கு அது நல்ல ஆறு. வியட்நாமின் கழிமுகத்தில் ஏறி, புனோம் பென் வழியாகக் கம்போடியாவின் சியாம் ரீப் போகும் ஒரு வாரப் பயணம்தான் வழக்கம். அதையொட்டியுள்ள அங்கோர் வாட் 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கு எழுப்பிய கோயில். அதன் சுற்று மண்டபச் சுவர்களில் குருக்ஷேத்திரம், இலங்கைப் போர், பாற்கடல் கடைதல் எல்லாம் புடைப்புச் சிற்பங்களாக ஓடுகின்றன. பாட்டியிடம் கதை கேட்டு வளர்ந்தவருக்கு அங்கே வழிகாட்டி பாதி தேவைப்படாது.

ஒன்றை மட்டும் முன்பணம் கட்டுவதற்கு முன் கேட்டுவிட வேண்டும். வழியில் உள்ள தோன்லே சாப் ஏரி மழைக்காலத்தில் பல மடங்கு பெருகும். மேக்கொங் வெள்ளம் கிளையாற்றைப் பின்னோக்கித் தள்ளி ஏரியை நிரப்பும். நவம்பரையொட்டி ஓட்டம் மறுபடி திரும்பும். தண்ணீர் வடிந்த மாதங்களில் பெரிய படகு ஏரியைக் கடக்க முடியாது. அப்போது கம்போங் சாம் பக்கம் இறக்கிவிட்டு, மீதி வழிக்குப் பேருந்தில் ஏற்றுவார்கள். பயணத்தாளில் ‘சியாம் ரீப் வரை’ என்றுதான் இருக்கும். படகிலா பேருந்திலா என்பது சிறிய எழுத்தில் இருக்கும்.

பணம் குறைவாக உள்ள இளைஞர்களுக்கு அதே மேக்கொங்கில் லாவோஸ் பக்கம் ஒரு வழி உண்டு. ஹுவாய் சாயிலிருந்து லுவாங் பிரபாங்குக்கு மெதுபடகில் இரண்டு நாள். இரவுத் தங்கல் பாக்பெங்கில். கப்பலின் சொகுசு எதுவும் அதில் கிடையாது. நெல் மூட்டையும் கோழிக் கூடையும் ஏற்றிவரும் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து போகலாம். லுவாங் பிரபாங்குக்கு மேலே புதிய அணை எழும்பி வருவதால், போக நினைப்பவர்கள் தள்ளிப்போட வேண்டாம்.

இனி யாங்சே. எச்சரிக்கை இங்கேதான் அதிகம் தேவைப்படுகிறது.

விளம்பரத்தில் வருவது மூன்று மலையிடுக்குகள்: சூடாங், வூ, ஷிலிங். சோங்கிங்கில் ஏறி யீச்சாங்கில் இறங்க மூன்று இரவுகள். மலைகள் அழகானவை, அதில் சந்தேகமில்லை. சூடாங் இடுக்கின் வாசல் பத்து யுவான் தாளிலேயே அச்சாகியிருக்கிறது. ஆனால் வரலாறு பார்க்கப் போகிறவர் இங்கே போவது பெரும்பாலும் வரலாறு மூழ்கிய இடத்தின் மேலே. 1994இல் கட்டத் தொடங்கிய த்ரீ கார்ஜஸ் அணை 2003இல் நீரைத் தேக்கியது. 2010இல் நீர்மட்டம் 175 மீட்டரைத் தொட்டது. பதின்மூன்று லட்சம் பேர் வீடு மாறினார்கள். நகரங்களும் கிராமங்களும் தொல்லியல் மேடுகளும் நீருக்கடியில் போயின. லியூ பெய் என்ற அரசன் சாகும் தறுவாயில் தன் மகனை அமைச்சர் ஜூகே லியாங்கிடம் ஒப்படைத்ததாகச் சொல்லப்படும் பைதிச்செங் குன்று இன்று ஒரு தீவு. அவனுடைய தளபதி ஜாங் ஃபெயின் கோயிலைப் பெயர்த்து, ஆற்றின் மேல்பக்கம் பல கிலோமீட்டர் தள்ளி மறுபடி கட்டினார்கள். பாறையை ஒட்டிப் பன்னிரண்டு மாடியாக மரத்தில் எழுந்த ஷிபாவோஜாய், சுற்றுச்சுவர் கட்டிக் காப்பாற்றப்பட்டிருக்கிறது.

இதில் ஒன்றுகூடப் பார்க்கத் தகாதது அல்ல. பார்க்கும் விதம்தான் சிக்கல். சில நூறு பேர் ஒரே கப்பலில் வருகிறார்கள். ஒரு துறையில் நான்கைந்து கப்பல்கள் ஒரே வேளையில் ஆளிறக்கும். கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் ஒன்றரை மணி நேரம். அதில் பாதி கடைத்தெரு. பிறகு மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்துவிடும். அணையைக் கடக்க ஐந்து நீர்த்தொட்டிகள் வழியாகக் கப்பல் படிப்படியாக இறங்குவது மட்டும் உண்மையிலேயே வியப்பு. ஆனால் அது பொறியியல் பாடம். பண்பாட்டுப் பாடம் அல்ல. பொறியியல் படிக்கும் பிள்ளை இருந்தால் அவனை அனுப்பலாம், தப்பில்லை.

யாங்சேயின் பழமைதான் வேண்டும் என்றால் கப்பலே தேவையில்லை. சோங்கிங் வட்டாரத்திலேயே ஃபுலிங்கில் பைஹெலியாங் என்ற பாறைத்திட்டு இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் நீர் வற்றும் காலங்களில் அது எவ்வளவு இறங்கியது என்பதை அதில் மீன் உருவங்களாகவும் எழுத்தாகவும் செதுக்கி வைத்தார்கள். அணை நீரில் அது மூழ்கிய பிறகு, 2009இல் நீருக்கடியில் போய்ப் பார்க்கும் அருங்காட்சியகம் திறந்தார்கள். தாசு பாறைச் சிற்பங்களும் சோங்கிங்கிலிருந்து ஒரே நாளில் போய்வரும் தொலைவில்தான். இந்த இரண்டும் மூன்று இரவுக் கப்பல் கொடுப்பதைவிட அதிகம் கொடுக்கும்.

ஐராவதி எல்லாவற்றிலும் வருத்தமான கதை. மியான்மரின் பகானில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. மலைமண்டலத்திலிருந்து போன வணிகர் ஒருவர் அங்கிருந்த நானாதேசி விண்ணகர் என்ற திருமால் கோயிலுக்கு மண்டபம் எடுத்து விளக்குக் கொடுத்ததை அது சொல்கிறது. செட்டிநாட்டின் பல வீடுகள் இந்த ஆற்றுக் கழிமுகத்தின் நெல்லோடு கட்டுண்டவை. 1865இல் தொடங்கிய ஐராவதி ஃப்ளோட்டிலா நிறுவனம் ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய ஆற்றுக் கப்பல் படையை ஓட்டியது. ஜப்பானியர் வருவதற்குமுன் 1942இல் தன் கப்பல்களைத் தானே மூழ்கடித்தது. தமிழ் வாசகருக்கு இதைவிட நெருக்கமான அயல்நாட்டு ஆறு இல்லை. ஆனால் 2021 பிப்ரவரி ராணுவக் கவிழ்ப்புக்குப் பின் உள்நாட்டுப் போர். 2025 மார்ச்சில் மண்டலே, சகாயிங் பகுதிகளை உலுக்கிய நிலநடுக்கம். இப்போது போகும் நேரமில்லை. சலுகை விலை என்று யார் சொன்னாலும் காத்திருப்பதே சரி.

கங்கையில் பலர் கண்ணில் படுவது 2023 ஜனவரியில் வாரணாசியிலிருந்து திப்ரூகருக்குப் புறப்பட்ட கங்கா விலாஸ்தான்: 51 நாள், சுமார் 3,200 கிலோமீட்டர். வாழ்த்துகள். ஆனால் ஐம்பது நாளையும் அவ்வளவு பணத்தையும் ஒரே மூச்சில் செலவழிக்கக்கூடியவர் எத்தனை பேர்? அதே வழியில் ஒரு துண்டு போதும். அசாமுக்கு ஆசைப்படுபவர் பிரம்மபுத்திராவில் மாஜுலித் தீவின் சத்ரா எனும் மடங்களையும் முகமூடி செய்வோரையும் பார்க்கலாம். சராய்தேவில் அஹோம் அரசர்களின் புதைமேடுகள் 2024இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை. ஜோர்ஹாட்டின் நிமாதி துறையிலிருந்து சாதாரணப் படகிலேயே மாஜுலிக்குப் போய்விடலாம்.

இதை எழுதுபவரின் மனம் மட்டும் கங்கையின் கிளையான ஹூக்ளியோடுதான். கொல்கத்தாவிலிருந்து முர்ஷிதாபாத் வரை ஒரு வாரம் போகும் சிறு கப்பல்களில் சில பத்துப் பேர்தான் இருப்பார்கள். ஒரு முன்பனிக்காலக் காலையில் செராம்பூர்த் துறையில் இறங்கியபோது கண்ட டேனியர் தேவாலயத்தின் தூண்கள் தரங்கம்பாடியை நினைவூட்டியதில் வியப்பில்லை. இரண்டும் ஒரே டேனிய அரசின் ஊர்கள்; 1845இல் ஒரே விற்பனையில் ஆங்கிலேயர் கைக்குப் போனவை. சற்று மேலே சந்தன்நகர்: புதுச்சேரிக்கு ஆளுநராக வருமுன் தூப்ளே ஆண்ட ஊர். அடுத்தது சின்சுரா: பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், தூத்துக்குடி ஆகியவற்றோடு 1824 ஒப்பந்தப்படி டச்சுக்காரர் கைவிட்ட ஊர். கல்னாவில் இரண்டு வட்டங்களாக நிற்கும் 108 சிவன் கோயில்கள். இன்னும் மேலே பிளாசி. 1757இல் அங்கே போரிட்ட கிளைவின் படை சென்னையிலிருந்து கப்பலேறியது. போர்க்களத்தின் பெரும்பகுதியை ஆறே அரித்துக்கொண்டு போய்விட்டது. கப்பல் கட்டணம் கட்ட முடியாத மாணவர்கள் ஹவுரா–பண்டேல் லோக்கல் ரயிலில் போனால் செராம்பூர், சந்தன்நகர், சின்சுரா மூன்றையும் இரண்டு நாளில் பார்க்கலாம்; அக்கரைக்குப் போக லாஞ்ச் ஓடுகிறது.

எந்த ஆறானாலும் முதலில் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கோயிலா, போரா, கைத்தொழிலா, காடா? எதில் மனம் தானாக நிற்கிறது? சிற்பத்தின் முன் அரை மணி நேரம் நிற்கப் பொறுமையில்லாதவருக்கு அங்கோர் மூன்றாம் நாள் சலித்துவிடும். அவர் மாஜுலிக்குப் போகட்டும். நடக்க முடியாதவர் நடக்க முடியாதவராகவே போகட்டும். அதற்கேற்ற இடம் உண்டு. பக்கத்து வீட்டார் போனதற்காகப் போக வேண்டாம். ஆறு மாதம் முன்பே அந்த நாட்டைப் பற்றி ஒரு புத்தகமாவது படிக்க வேண்டும். தண்ணீர் எந்த மாதம் ஏறுகிறது, எந்த மாதம் இறங்குகிறது என்று விசாரிக்க வேண்டும். ஒரு வருடம் தள்ளிப்போனாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது. பெற்றோருக்கு டிக்கெட் எடுக்கும் பிள்ளைகள் முதலில் அவர்களிடம் என்ன பார்க்க ஆசை என்று ஒரு வார்த்தை கேட்கட்டும்.

அந்த ஆசிரியர் அடுத்த நவம்பரில் கம்போடியா போகிறார். இந்த முறை தேதியும் வழியும் அவரே குறித்தது. ஹூக்ளிக்குப் போக நினைப்பவர்கள் அதற்கு முன் ஒரு நாள் தரங்கம்பாடிக்குப் போய் வாருங்கள். 1620இல் எழுப்பிய டேன்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்தபடி இன்னும் நிற்கிறது. மயிலாடுதுறையிலிருந்து பேருந்து இருக்கிறது.