இணைய இணைப்பு கிடைக்காவிடில்: லினக்ஸ் கணிப்பொறியில் பழுது காணும் முறை

கிணற்றில் நீர் இருந்தும் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரவில்லையெனில், விவசாயி உடனே மோட்டாரை மாற்றிவிடுவதில்லை. மின்சாரம் வந்துள்ளதா, பியூஸ் போயிற்றா, புட்வால்வு அடைத்துக்கொண்டதா, குழாயில் வெடிப்பு உண்டா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். இணைய இணைப்புப் பழுதுக்கும் இம்முறையே ஏற்றது.

இதை மறந்ததால் நேர்ந்த நஷ்டம் ஒன்றை நாம் அறிவோம். அய்யலூருக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தில், பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு செய்யும் கடைசி நாளன்று, ஒரு விவசாயி சிட்டா நகல் எடுக்க வந்தார். வியாழக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் போவதையும் அவர் விட்டுவிட்டு வந்திருந்தார். மடிக்கணினியில் பக்கம் திறக்கவில்லை. லினக்ஸையே அழித்து மீண்டும் நிறுவுவதில் மாலை வரை கழிந்தது, தவணையும் கழிந்தது. மறுநாள் பார்த்தபோது, கணிப்பொறியின் தேதி பல ஆண்டுகள் பின்னால் இருந்தது. ஐந்து நிமிட வேலைக்காக ஒரு குடும்பம் அந்தப் பருவத்தின் காப்பீட்டை இழந்தது.

1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. அக்காலத்தில் மோடம் என்னும் கருவி தொலைபேசிக் கம்பி வழியாக எண்ணைச் சுழற்றி இணைப்புப் பெற்றது. இந்த டயல்-அப் முறை இன்று ஏறத்தாழ வழக்கொழிந்துவிட்டது. எனினும், யு.எஸ்.பி. துளையில் செருகும் டேட்டா கார்டுகளில் பல, *99# என்னும் எண்ணை டயல் செய்தே இணைகின்றன. 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணிப்பொறிகள் பலவற்றில், விண்டோசுடன் பாஸ் என்னும் லினக்ஸும் இருந்தது. அது சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. அத்தகைய கணிப்பொறியில் டேட்டா கார்டைப் பயன்படுத்துவோர் பின்வரும் வரிசையில் சோதிப்பது நலம்.

(1) கருவி: லினக்ஸின் டெர்மினலில் எல், எஸ், யு, எஸ், பி என்னும் ஐந்து ஆங்கிலச் சிற்றெழுத்துகளைச் சேர்த்துத் தட்டினால், செருகப்பட்டுள்ள கருவிகளின் பட்டியல் வரும். டேட்டா கார்டு அதில் இல்லையெனில், நீட்டிப்பு வயரை நீக்கிவிட்டு வேறு துளையில் செருகவேண்டும். சில கார்டுகள் மோடமாகத் தோன்றாமல் குறுந்தகடுபோலத் தோன்றும். தமது மென்பொருளைத் தம்முள்ளேயே தகடுபோல வைத்திருப்பதே இதற்குக் காரணம். யு.எஸ்.பி. மோட்சுவிட்ச் என்னும் மென்பொருளை நிறுவினால் இக்குறை பெரும்பாலும் தீரும்.

(2) சிம்: சிம் அட்டையைக் கைபேசியில் இட்டுப் பார்க்கவேண்டும். அங்கும் இணையம் வரவில்லையெனில் குறை கணிப்பொறியில் இல்லை. சிக்னலையும் ரீசார்ஜ் தவணையையும் கவனிக்கவேண்டும். சிம்முக்குப் பின் எண் பூட்டு இருப்பின் அதை நீக்கவேண்டும். 3ஜி சேவையை நிறுத்திவிட்ட நிறுவனத்தின் சிம், 3ஜி மட்டும் அறிந்த பழைய கார்டில் உரிய வேகம் தராது.

(3) டயல்: ஏ.பி.என். என்னும் பெயர் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு. பி.எஸ்.என்.எல். நிறுவனத்துக்கு அது 'பிஎஸ்என்எல்நெட்'. இதை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இடைவெளியின்றி எழுதவேண்டும். டயல் செய்ய அனுமதியில்லை என்று கணிப்பொறி கூறினால், பயனாளரை 'டயல்அவுட்' என்னும் குழுவில் சேர்க்கவேண்டும்.

(4) பெயரும் எண்ணும்: இணைப்புக் கிடைத்தும் பக்கம் திறக்கவில்லையா? டெர்மினலில் பிங் கட்டளையுடன் 8.8.8.8 என்று கொடுத்துப் பார்க்கவேண்டும். எண்ணுக்குப் பதில் வந்து, தளத்தின் பெயருக்கு வராவிடில், பெயரை எண்ணாக மாற்றும் டி.என்.எஸ். அமைப்பில் குறை உள்ளது. எண்ணுக்கே பதில் வராவிடில், வேறு வலைக்கம்பி செருகியிருக்கிறதா என்று பார்த்து அகற்றவேண்டும். இல்லாவிடில் கணிப்பொறி அந்தக் கம்பி வழியாகவே செல்ல முயலக்கூடும்.

(5) கடிகாரம்: உள்ளிருக்கும் சிறு பாட்டரி தீர்ந்துபோனால் தேதி தவறிவிடும். தேதி தவறினால், அரசுத் தளங்கள் போன்ற பாதுகாப்பான தளங்களின் சான்றிதழை உலாவி ஏற்காது. தேதி சரியாக இருந்தும் அதே எச்சரிக்கை வருமாயின் உலாவி மிகப் பழையதாக இருக்கலாம், அதைப் புதுப்பிக்கவேண்டும்.

இவற்றிடையே ஐயம் எழுந்தால், வேறொரு கைபேசியை யு.எஸ்.பி. கம்பியால் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்து பார்க்கலாம். அதில் பக்கங்கள் திறந்தால் கணிப்பொறி நன்றாக உள்ளது. பழுது கார்டிலோ சிம்மிலோ அவற்றுக்குரிய அமைப்பிலோதான் என்று தெளியலாம்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு ஒரு யோசனை. கணிப்பொறியருகே ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். ஏ.பி.என். பெயர், ரீசார்ஜ் முடியும் நாள், நேர்ந்த பழுது, தீர்ந்த விதம் ஆகியவற்றை அதில் எழுதுங்கள். கண்ணாடி இழைக் கம்பி வந்துள்ள ஊர்களிலும் இது பயன்படும். கருவி, சேவை, பெயர், கடிகாரம் என்னும் வரிசை அங்கும் மாறுவதில்லை. கடைசி நாள் வரை காத்திராமல், ஒரு வாரம் முன்பே இணைப்பைச் சோதித்து வைப்போமாக. நம்மை நம்பி வரும் விவசாயி வெறுங்கையுடன் திரும்பலாகாது.