'நெய்' என்றொரு வினைச்சொல்

'நெய்' என்றவுடன் நம்மில் பலருக்கு வெண்பொங்கல்தான் நினைவுக்கு வரும். நாங்கள் இங்கே எடுத்துக்கொண்டது தறியில் நெய்யும் 'நெய்'. ஒலி ஒன்றாயினும் அகராதி இவற்றை வேறு வேறு சொற்களாகவே வைக்கிறது.

காஞ்சிபுரத்தில் தெலுங்கும் கன்னடமும் பேசும் நெசவாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. ஏனாத்தூரிலிருந்து வரும் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டுமொழி தெலுங்கு. அவள் நெசவை 'நேத' என்றபோது, "தமிழைக் கெடுக்கிறாயே!" என்று சிலர் சிரித்தனர். பிறகு அவள் அச்சொல்லை வகுப்பில் சொல்வதேயில்லை. அது கெட்ட தமிழ்தானா என்று நாங்கள் நால்வர் நூலகத்தில் தேடினோம்.

மலையாளத்தில் நெய்யுக, நெய்த்து. கன்னடத்தில் நேயு, நெசவாளர் 'நேகார'. தெலுங்கில் நேயு, நேத. தமிழில் குறிலாக உள்ளது தெலுங்கில் நெடிலாகிறது. இது நாக்குப் புரளாமல் வந்த பிழையன்று. நமது 'செய்' அங்கே 'சேயு', செய்கை 'சேத'. செய்–சேயு, நெய்–நேயு என்று இரண்டும் ஒரே ஒழுங்கில் நடக்கின்றன. பிழைக்கு இப்படி ஒழுங்கு ஏது?

இம்மொழிகள் ஒரே குடும்பம் என்று 1816இல் எல்லிஸ் எடுத்துக்காட்டினார். 1856இல் கால்டுவெல் விரிவான இலக்கணமே எழுதினார். பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதி இச்சொற்களை ஓரிடத்தில் திரட்டித் தருகிறது. இவற்றுக்கெல்லாம் மூலமாக அறிஞர் கொள்ளும் 'நெய்' எந்த ஓலையிலும் கல்லிலும் எழுதப்பட்டதன்று, ஒப்பிட்டு மீட்டது. அதனால் அதன் முன் ஓர் உடுக்குறி இடுவர். அந்த மூலம் தமிழ் அன்று, தமிழுக்கும் முந்தியது. ஆகவே 'நேத' நம் சொல்லின் மகளுமன்று, உடன்பிறந்தது. இதை ஒப்புக்கொள்ள எங்களில் ஒருத்திக்கு இரண்டு நாள் ஆயிற்று!

ஐரோப்பாவிலும் இதே கதைதான். ஆங்கிலத்தின் 'வீவ்', ஜெர்மனின் 'வேபென்', ஸ்வீடிஷின் 'வேவா' ஆகியவை உடுக்குறியிட்ட பழைய ஜெர்மானிய வினை ஒன்றின் வழிவந்தவை. சிலந்தி வலையைக் குறிக்கும் 'வெப்' என்பதும் அக்குடும்பமே. ஆனால் 'வீவ்' இறந்தகாலத்தில் 'வோவ்' என்று உள்ளுயிரை மாற்றிக்கொள்ளும். நமது 'நெய்' மாறாமல் நின்று, 'நெய்தான்' என விகுதிகளை மட்டும் ஏற்கும்.

இன்னொன்றையும் கண்டோம். உயிர் பேச்சில் 'உசிர்' ஆவது போல, 'நெய்' என்பதிலுள்ள யகரம் சகரமாகித்தான் 'நெசவு' பிறந்தது. சிரித்தவர்கள் சரியான தமிழ் என்று சொல்லிக்கொடுத்த சொல் அதுதான்.