வால்வுப் பெருக்கிக்கு ஏற்ற மின்மாற்றி

எங்கள் ஊரான திருத்தங்கலில் ஒரு மெல்லிசைக் குழுவில் என் சித்தப்பா கிதார் வாசிப்பவர். ஒருமுறை பொங்கல் ஒத்திகைக்காக, பரண்மேல் கிடந்த பழைய ஏ.சி.-டி.சி. வானொலிப் பெட்டியைப் பெருக்கியாக மாற்றிக் கொடுத்தேன். கம்பியைத் தொட்டதும் அவர் கை உதறிப் பின்னால் விழுந்தார். ரப்பர்ச் செருப்பு அணிந்திருந்ததால் பெருந்தீங்கு நேரவில்லை.

பிழை எங்கே? அவ்வகைப் பெட்டிகளில் மின்மாற்றியே கிடையாது. வீட்டு மின்சாரத்தின் ஒரு முனை நேரே அடிச்சட்டத்தில் இணைந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் அடிச்சட்டமும் அதனோடு கிதார்க் கம்பியும் ‘பேஸ்’ ஆகிவிடும். ஆகவே மின்மாற்றியின் முதற்கடமை மின்னழுத்தத்தை மாற்றுவதன்று; நம்மை மின்தடத்திலிருந்து பிரித்து வைப்பதே.

இனி, குறைந்த மின்னழுத்தத்தில் இயங்கும் சிறு பெருக்கி ஒன்றுக்குக் கணக்கிடுவோம். முன்நிலையில் ஈ.சி.சி.83, வெளியீட்டில் ஈ.எல்.84 என இரண்டே வால்வுகள். ஈ.எல்.84 வால்வுக்கு 250 வோல்ட் நேர்மின்னழுத்தம் போதும். ஐந்து வாட்டுக்குச் சற்று மேலான ஒலித்திறன் கிடைக்கும்.

துணைச்சுருளில் 180 வோல்ட் இருந்தால், பாலத் திருத்திக்கும் மின்தேக்கிக்கும் பின் 180 × 1.414, அதாவது ஏறத்தாழ 254 வோல்ட் கிடைக்கும். 230 வோல்ட் சுருளைப் போட்டாலோ 325 வோல்ட் ஆகிவிடும். இவ்வால்வின் எல்லை 300 வோல்ட். தகடு சிவந்து வால்வு கெடும்.

வால்வுகள் இரண்டும் இழுப்பது சுமார் 56 மில்லி ஆம்பியர். மின்தேக்கி துடிப்புத் துடிப்பாக மின்னேற்றம் பெறுவதால், சுருளில் ஓடும் மின்னோட்டம் இதைப்போல் ஏறக்குறைய 1.8 மடங்கு, அதாவது 100 மில்லி ஆம்பியர். எனவே 18 வோல்ட்-ஆம்பியர். இழைகளுக்கு 6.3 வோல்ட்டில் 0.76 + 0.3 = 1.06 ஆம்பியர், இது 6.7 வோல்ட்-ஆம்பியர். ஆக மொத்தம் சுமார் 25. சூடேறாதிருக்க 35 வோல்ட்-ஆம்பியர் மின்மாற்றியாகச் சுற்றச் சொன்னேன்.

இன்னும் மூன்று செய்திகள். வால்வு சூடேறுமுன் சுமையின்றி அழுத்தம் உயரும்; இரவில் மின்தடமும் 250 வோல்ட்டைத் தொடலாம். ஆதலால் மின்தேக்கி 450 வோல்ட் தாங்க வேண்டும். 60 ஹெர்ட்ஸுக்கென்றே செய்த அயல்நாட்டு மின்மாற்றியை நம் 50 ஹெர்ட்ஸில் இயக்கினால், அதே மின்னழுத்தத்தில் உள்ளகத்தின் காந்தப்பாயம் 20 விழுக்காடு கூடிச் சூடேறும். முதன்மைச் சுருளுக்கு உருகியும், அடிச்சட்டத்துக்கு நிலத்தொடர்பும் கட்டாயம் வேண்டும்.

புதுப் பெருக்கியை இணைத்துக் கொடுத்தேன். சித்தப்பா முதலில் டெஸ்டரை வாங்கிக் கம்பி ஆறையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார், பிறகுதான் வாசித்தார். அவரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.